மண் தங்கச்சிக்கு, மரம் அண்ணனுக்கு

சங்கிலியம்மாளின் தகரப் பெட்டி மாட்டுக் கொட்டத்துக்குப் போன நாளில்தான் அவளுக்குத் தனி வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

அதுவரை அவள் அண்ணன் வீரபாண்டியின் வீட்டில் இருந்தாள். கட்டிக்கொடுத்த புருசன் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். செய்தி வந்த மறுநாளே அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். "போறவன் போகட்டும், எனக்குக் கை கால் இருக்கு" என்று சொன்னாளாம். ஊரில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். புருசன் விட்டுப்போனவள் கொஞ்ச நாளாவது மூலையில் உட்கார்ந்து அழுதால்தான் இந்த ஊருக்கு மனசு ஆறும். அவள் அழவில்லை. அந்த வாரமே, இருட்டு விலகும் முன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் ஜீப்பில் ஏறி, கம்பம் வழியாகக் கம்பமெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சம்பளம் அப்படியே மதினி சோணையம்மாள் கையில் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அவள் சாப்பிடும் சோற்றைப் பற்றி மட்டும் அடிக்கடி பேச்சு வந்தது.

அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். உறவுக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி வந்தவள், தன் பெட்டியைக் காணோமே என்று தேடினாள். பெட்டி கொட்டத்தில் இருந்தது. கன்றுக்குட்டி ஒன்று அதன் மூலையில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. மூடியின் மேல் சாணி.

"விருந்தாளுக வந்தா எடம் வேணாமா? பெட்டிதான, அதையென்ன மாடா முட்டிருச்சு?" என்றாள் மதினி.

"மாடு முட்டல மதினி. நீங்கதான் முட்டிட்டீக" என்றாள் சங்கிலியம்மாள்.

சடங்கு வீட்டில் சண்டை வேண்டாமென்று அதற்கு மேல் அவள் பேசவில்லை. பெட்டியைக் கழுவித் துடைத்தாள். உள்ளே இருந்த சேலைகளையும் மாட்டு நாற்றம் பிடித்திருந்தது. அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. தன் பெட்டியை யாரும் தொட முடியாத ஓர் இடம், போ என்று யாரும் சொல்ல முடியாத ஒரு கூரை, அது எட்டடிக்கு எட்டடி இருந்தாலும் சரி, வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இடம் இல்லாமல் இல்லை. அப்பா சாகும்முன் ஓடைக்கரைத் துண்டை மகள் பேருக்கு எழுதி வைத்திருந்தார். பெரிய நிலமல்ல. ஏழு புளியமரம் நின்ற இடம். அடுத்த வாரம் அவள் ஊர்ப் பெரியவர் முத்துவீரனிடம் போய், "மாமா, எனக்கு என் நெலத்த விட்டுத்தரச் சொல்லுங்க" என்று நின்றாள்.

சாவடியில் பேச்சு நடந்தது. வீரபாண்டி எழுத்தை மறுக்கவில்லை, மறுக்க முடியாது. ஆனால் மரம் தன்னுடையது என்றான். "நான் தண்ணி ஊத்தி வளத்த மரம்" என்றான். அவன் பிறக்கும் முன்பே காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் அவை. எந்தச் செம்பில் ஊற்றினானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் பக்கத்தில் மண்ணும் மரமும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. மேலே தென்னை ஒருத்தருக்கு, கீழே கடலை ஒருத்தருக்கு என்று பிரித்துக்கொண்டு, இருவருமே நிம்மதியாக இருந்த குடும்பங்கள் உண்டு. அதனால் வீரபாண்டி கேட்டதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. சங்கிலியம்மாளுக்கும் மரத்தின் மேல் ஆசை இல்லை. வீடு கட்ட வெட்டவெளி வேண்டும், மரத்தை அவனே வெட்டிக்கொண்டு போனால் தனக்கு வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டாள்.

"எடுத்துக்கிடட்டும். எனக்கு மண்ணு போதும்" என்றாள்.

"அப்ப மண்ணு தங்கச்சிக்கு, மரம் அண்ணனுக்கு. ஆனிக்குள்ள மரத்த எடுத்துரணும். சரிதான?" என்று முடித்தார் முத்துவீரன். சரி என்று இருவரும் தலையாட்டினார்கள்.

அவள் விட்ட பிழை அங்கேதான். மரம் என்றால் எதுவரை மரம் என்று அவள் கேட்கவில்லை.

எந்த மரவியாபாரியும் புளியமரத்தை வேரோடு தோண்டித்தான் எடுப்பான். அடிக்கட்டை நல்ல கனம். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்கு அதைத்தான் தேடுவார்கள். வீரபாண்டி அந்த லாபத்தையும் வேண்டாமென்று விட்டான். ரம்பக்காரர்களிடம் முழங்கால் உயரத்துக்கு மேல் அறுக்கச் சொன்னான். அவள் மலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது நிலத்தில் நிழல் இல்லை, மரம் இல்லை. ஏழு தூர்கள் மட்டும் பந்திக்குப் போட்ட முக்காலிகளைப் போல வரிசையில்லாமல் நின்றன. பெரியவற்றைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

"என்னண்ணே, தூரெல்லாம் விட்டுட்டுப் போயிட்டீக?"

"மரத்தத்தான எடுக்கச் சொன்னாக? மரத்த எடுத்துட்டேன்" என்று பல்லிளித்தான் வீரபாண்டி. "அங்கன வீடு கீடுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காத. தூரு கெடக்குற எடத்துல வீடு கட்டுனா குடும்பம் வெளங்காது. பேசாம நெலத்த என்கிட்ட விடு. கொட்டத்துக்குப் பக்கத்துல உனக்கு ஓலையில ஒரு சாய்ப்பு எறக்கித் தர்றேன்."

கொட்டத்துக்குப் பக்கத்தில்! அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "வெளங்குறதும் வெளங்காததும் என் பாடு. நீங்க உங்க சோலியப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கடப்பாறை வாங்கக் கம்பத்துக்குப் போனாள்.

ஜேசிபி வைத்துத் தோண்டலாம் என்றுதான் முதலில் பார்த்தாள். ஆனால் அந்தத் துண்டுக்குப் போகும் வழி வீரபாண்டியின் கொல்லை வழியாகத்தான். மறுபக்கம் ஓடைப் பள்ளம். "வண்டி என் வரப்ப மிதிச்சா நடக்கிறதே வேற" என்று அவன் டிரைவரை மிரட்டி அனுப்பிவிட்டான். நடந்து போக மட்டும் அவனால் தடுக்க முடியவில்லை. எனவே கடப்பாறை, மண்வெட்டி, கோடாலி. ஜீப் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், கூட வேலை செய்யும் மொக்கம்மாளும் வந்தாள். மொக்கம்மாளுக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம்.

புளியந்தூரைத் தோண்டுவது வேடிக்கை இல்லை. சுற்றிலும் இடுப்பளவு பள்ளம் பறிக்க வேண்டும். பக்கவேர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெட்ட வேண்டும். வைரம் பாய்ந்த வேரில் கோடாலி போட்டால் அது திரும்பி நெற்றிக்கு வருகிறது. பக்கவேரெல்லாம் போன பிறகும் ஆணிவேர் அசையாது. கடப்பாறையைக் கொடுத்து இருவரும் தொங்கினார்கள். "அசையுதா?" என்று கேட்டால் மொக்கம்மாள், "தூரு அசையல, என் இடுப்புதான் அசையுது" என்பாள். தை பிறந்து மாசி முடிவதற்குள் சின்னத் தூர்கள் இரண்டு வெளியே வந்தன. உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயின. ஆம்பளை வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறாள் பார் என்று கொல்லை வேலைக்குப் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். "நின்னு பாக்குற நேரத்துக்கு ஒரு வேர வெட்டலாம்ல?" என்று கேட்டாள். அதன் பிறகு யாரும் நிற்கவில்லை.

மிச்சம் ஐந்து தூர்களிலும் செந்துளிர் விட்டது. வீரபாண்டி தன் ஆடுகளைக் கொண்டுவந்து அதில் மேயவிட்டான். அவள் ஆட்டை விரட்டினாள்.

"என் மரத்துத் துளிரு. என் ஆடு திங்குது. உனக்கென்ன வலிக்குது?" என்றான் அவன்.

"தூரு உங்களுதா?"

"பின்ன? ஊரே சொல்லிருக்கு, மரம் எனக்குன்னு."

அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. நிலத்தை அவனால் பிடுங்க முடியவில்லை. தூரைச் சாக்கு வைத்து அதில் ஒரு காலை ஊன்றி நிற்கப் பார்க்கிறான். இன்றைக்கு ஆட்டைக் கட்டுகிறவன் நாளைக்குத் தீவனப் படப்பு போடுவான். அதற்கு மறுநாள் வாசலில் வந்து நின்று இது என் இடம் என்பான். அந்த ஆத்திரத்தில்தான் அவள் வரப்போரத்துத் தூர் ஒன்றுக்குத் தீ வைக்கத் துணிந்தாள்.

மலையில் புதுசாக ஏலம் வைக்கும் இடத்தில் தூரை அப்படித்தான் ஒழிப்பார்கள். சுற்றிப் பள்ளம் பறித்து, உமியைக் கொட்டி மூட்டம் போட்டுக் கங்கு வைத்துவிட்டால், தூர் நாள்கணக்கில் புகைந்து புகைந்து தானே கரியாகிவிடும். அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்க்காத ஒன்று இருந்தது. அங்கே மண் வருசம் முழுக்க ஈரம். தீ தூரோடு நின்றுவிடும். இங்கே பங்குனி மாசத்துக் கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. தீ தூரைத் தின்றுவிட்டு, வேரைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்கடியிலேயே நடந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் வீரபாண்டி போட்டிருந்த சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் போய் அது தலையை நீட்டியது. பட்டப்பகலில், ஆள் ஓடிவந்து சேர்வதற்குள் படப்பு முழுக்க எரிந்து சாம்பலானது.

ஜீப்பை விட்டு இறங்கும்போதே மொக்கம்மாளிடம் யாரோ விசயத்தைச் சொன்னார்கள். சங்கிலியம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கறுப்பு வட்டம் ஒன்றுதான் மிச்சம். ஒரு கோடை முழுக்க மாடுகளுக்கு ஆகவேண்டிய தீவனம். வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குமே என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இனி நிலம் போச்சு என்று இன்னொரு பக்கம்.

அவள் நினைத்தது சரிதான். மறுநாளே வீரபாண்டி சாவடியைக் கூட்டிவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நடுவில் நின்றான்.

"மரம் எனக்குன்னு இந்தச் சாவடிதான சொல்லுச்சு? அப்ப தூரு யாருது? என்னது. வேரு யாருது? என்னது. என் பொருளுக்குத் தீ வச்சு, என் படப்பையும் கொளுத்திட்டா. எனக்கு நட்டத்துக்குத் தட்டை வேணாம். அந்த நெலத்த என் பேருக்கு எழுதி வைக்கட்டும். அவளுக்கு ஒரு சாய்ப்பு நான் போட்டுத் தர்றேன். தங்கச்சியத் தெருவுலயா விட்டுருவேன்?"

நியாயம்தானே என்கிற மாதிரி நாலைந்து தலைகள் ஆடின. முத்துவீரன் அவள் பக்கம் திரும்பினார். "என்னாத்தா சொல்ற?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். 

"தீ வச்சது நான்தான் மாமா. படப்பு எரிஞ்சது என் தப்பு. மாடு பட்டினி கெடக்கக் கூடாது. எரிஞ்ச தட்டைக்கு ஈடா, புதுத்தட்டை வார வரைக்கும் நான் தட்டை எறக்கிப் போடுறேன். அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா அண்ணங்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவன் பக்கம் திரும்பினாள். "தூரு யாருதுண்ணே?"

"இம்புட்டு நேரம் என்ன சொன்னேன்? என்னது."

"வேரு?"

"வேரும் என்னதுதான். வேரில்லாம மரமா?"

"ஓடைப்பக்கம் நிக்கிற பெருந்தூரு?"

"எல்லாம் என்னதுதான்!" அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கேட்டுக்கங்க மாமா. எல்லாரும் கேட்டுக்கங்க." அவள் குரல் இப்போது சாவடிக்கு வெளியே டீக்கடை வரை கேட்டது. "மரத்த ஆனிக்குள்ள எடுத்துரணும்னு சொன்னது நீங்க. ஆனி வந்துச்சு, போச்சு. மறு பங்குனியும் வந்துருச்சு. அவரு பொருளு இன்னும் என் மண்ணுலதான் கெடக்கு. நான் பாடுபட்டு ரெண்டத் தோண்டிப் போட்டேன், அதுக்குக் கூலி கேக்கல. மிச்சத்த அவரு எடுத்துட்டுப் போகட்டும். வேரு நுனி வரைக்கும் எடுக்கட்டும். குழியையும் மூடித் தரட்டும். இல்லையா, தூரு என்னதில்லன்னு இங்கனயே சொல்லிட்டுப் போகட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. என் நெலத்த நான் ஏன் எழுதிக் கொடுக்கணும்?"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். மொக்கம்மாளாகத்தான் இருக்கும். வீரபாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. என்னதில்லை என்று சொன்னால், ஊர் முன்னால் இப்போதுதான் மூன்று தடவை சொன்னதை விழுங்க வேண்டும். என்னது என்றால் தோண்ட வேண்டும். வழி ரெண்டும் அடைபட்டுப் போயின.

"எடுக்குறேன்" என்றான். "என் பொருள எடுக்க எனக்குத் தெரியாதா?"

"அப்ப வர்ற அமாவாசைக்குள்ள எடுத்துரு" என்றார் முத்துவீரன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டபோது அவர் வாயோரத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது.

எந்த வரப்பை ஜேசிபி மிதிக்கக் கூடாது என்றானோ, அதே வரப்பைத் தன் கையாலேயே வெட்டி வண்டிக்கு வழிவிட்டான் வீரபாண்டி. சங்கிலியம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேப்பங்கன்று ஒன்றின் சொற்ப நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மொக்கம்மாள். வண்டி ஒவ்வொரு தூரின் அடியிலும் கையைக் கொடுத்துப் புரட்டியது. வாரக்கணக்கில் கடப்பாறையில் தொங்கியது ஞாபகம் வந்து அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருசேர வந்தன. அண்ணன் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். தூரை இழுத்துப் போட்டுவிட்டு வண்டி திரும்பப் பார்த்தது.

"குழிய மூடிட்டுப் போங்கண்ணே" என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உங்க தூரு போட்ட குழிதான."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குழி மூடப்பட்டது. டிரைவருக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

கடைசியாக ஓடைக்கரைப் பெருந்தூர். டிரைவர் இறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். கரையே இந்த வேரில்தான் நிற்கிறது, இதைப் பிடுங்கினால் வண்டியும் நானும் ஓடைக்குள் போவோம் என்றான். வீரபாண்டி, "கெடந்துட்டுப் போகுது, விடு" என்று வண்டியைக் கிளப்பச் சொன்னான்.

சங்கிலியம்மாள் எழுந்து வந்து வழியில் நின்றாள்.

"யாருதா கெடக்கட்டும்?"

"என்னடி?"

"உங்களுதுன்னா எடுத்துட்டுப் போங்க. கெடக்கணும்னா யாருதுன்னு சொல்லிட்டுப் போங்க."

வண்டிச் சத்தம் நின்றது. டிரைவர் வேறெங்கோ பார்த்தான். வீரபாண்டியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தங்கையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். சின்ன வயசில் அவன் சட்டையைத் தோய்த்துப் போட்டவள், அவன் கல்யாணத்துக்கு மாவாட்டியவள், இப்படி வழி மறித்து நிற்பாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"உன்னதுதான். வச்சுக்க" என்றான் மெதுவாக.

"மொக்கம்மா, கேட்டுச்சா?"

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள் மொக்கம்மாள்.

"மதி" என்றாள் சங்கிலியம்மாள். போதும் என்பதற்கு மலையில் பழகிய சொல் அது. வழியை விட்டு விலகி நின்றாள்.

சொன்னபடி படப்புக்கு ஈடான தட்டையை இறக்கிப் போட்டாள், ஒரு கட்டு குறையாமல். பிறகு இரண்டு வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீட்டை எழுப்பினாள். ஒரே அறை, ஓர் அடுப்படி, மேலே ஓடு. மதினி கைக்குச் சம்பளம் போவது நின்றுவிட்டதால் அண்ணன் வீட்டில் அந்த இரண்டு வருசமும் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு அவளே வெற்றிலை பாக்கோடு போய் முறைப்படி அழைத்தாள். அழைக்காமல் விட்டால் ஊர் தன்னைப் பேசும். அழைத்தும் வராவிட்டால் அவர்களைப் பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தார்கள். வீரபாண்டி சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே நுழையக் காலை எடுத்தவன், என்ன நினைத்தானோ, நிறுத்திக்கொண்டான்.

"உள்ள வரலாமாத்தா?" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும் என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. அடுப்பில் பாலைப் பார்த்தாள், பொங்கட்டும் என்று காத்திருந்தாள். பொங்கியது.

"வாங்கண்ணே. வாங்க மதினி" என்றாள்.

தகரப் பெட்டி நட்டநடு அறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருந்தது. புதுசாகப் பச்சை வர்ணம் அடித்திருந்தாள். சோணையம்மாள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பெட்டி அங்கனயேதான் இருக்கும் மதினி. வழிய மறைச்சா சுத்திப் போங்க" என்றாள் சங்கிலியம்மாள்.

ஓடைக்கரைப் பெருந்தூர் இன்னும் அவள் வாசலுக்கு நேராக இருக்கிறது. ஆசாரியைக் கூட்டிவந்து மேல்பக்கத்தை இழைத்துவிட்டாள். துளிர் விட விடக் கிள்ளிப்போட்டதில் அதுவும் அடங்கிவிட்டது. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கும் பெண்கள் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். மொக்கம்மாளுக்கு அதில் தனி இடமே உண்டு. தபால்காரர் உட்காருவார். முத்துவீரன்கூட இரண்டு தடவை உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

வீரபாண்டி அடிக்கடி வருவான். ஏதாவது பேசுவான், மழையைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி. அவனுக்கும் வயசாகிவிட்டது, முழங்கால் வலி. "உக்காருங்கண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் தூரைக் காட்டுவாள் தங்கை. அவன் மட்டும் அதில் உட்கார்ந்ததே இல்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றபடியே பேசிவிட்டுப் போவான்.

"பாவம், உன் அண்ணன் நிக்கிறாக" என்று மொக்கம்மாள் ஒருநாள் சொன்னாள்.

"நிக்கட்டும்" என்றாள் சங்கிலியம்மாள்.